ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம்

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர் யாருடைய போனை எடுத்துப் பார்த்தாலும் வாட்ஸ்அப்பில் குழுக்கள் வரிசையாக நிற்கும். ஊர்க் குழு ஒன்று, வேலைத்திறன் டெஸ்ட் அடித்த சென்டரில் கூட இருந்தவர்கள் குழு ஒன்று, பழைய கம்பெனிக் குழு, பழைய டார்மிட்டரிக் குழு, சேஃப்டி கோர்ஸ் முடித்தவர்கள் குழு. எஸ் பாஸுக்கு, அதாவது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதிக்கு, வந்தவர் என்றால் லிங்க்டினும் சேர்ந்துகொள்ளும். என் போனும் அப்படித்தான். நான் இங்கே ஏர்கான், குழாய் வேலைகளைப் பார்க்கும் எம் அண்ட் இ (இயந்திர, மின் வேலைகள்) கோஆர்டினேட்டர். சாதாரணத் தொழிலாளிக்கான வொர்க் பெர்மிட்டில் வந்து எஸ் பாஸுக்கு மாறியவன். அதனால் இந்தக் குழுக்களில் என் நம்பரைப் பார்த்துவிட்டுத் தனியாகச் செய்தி அனுப்புகிறவர்கள் அதிகம்.

அவர்களுக்காக ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பூன் லேயில் நான் தங்கியிருக்கும் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் ஒரு தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் டார்மிட்டரியில் இருப்பவர்கள். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே லாரி ஏறி, ஓவர்டைம் முடித்து இரவு ஒன்பதுக்குத் திரும்பி, குளிக்க வரிசையில் நின்று, சமைத்துச் சாப்பிட்டு, அப்புறம்தான் போனைக் கையில் எடுப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் பேச அவர்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஞாயிறு காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் இடைவெளி உண்டு. அதுதான் எங்கள் இருவருக்கும் பொருந்தும் நேரம்.

நேரத்தைக் குறித்து வைப்பது என் வசதிக்காக மட்டும் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். செய்தி வர வர பதில் சொல்லிக்கொண்டு போனால் அதுதான் நடக்கும். மூன்று முறை கூப்பிடுகிறவருக்கு முதலில் பதில் போகும். நம் ஊர்க்காரர், நம்மோடு படித்தவர், மச்சானின் நண்பர், இவர்களுக்கு அடுத்தபடியாகப் போகும். "வணக்கம் அண்ணே" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, அதற்கு மேல் கேட்கத் தயங்கி நிற்கிறானே ஒரு பையன், அவன் செய்தி கீழே போய்விடும். எடுத்த எடுப்பில் உதவி கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து வளர்ந்தவன் அவன். நாம் திருப்பி "சொல்லுங்க தம்பி" என்று எழுதினால்தான் வாயைத் திறப்பான். ஞாயிறு காலையில் நான் முதலில் தேடிப் பிடிப்பது இந்த ஒற்றை வரி வணக்கங்களைத்தான். பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால்தான் பெரிய சிக்கல் இருக்கும்.

அப்படி ஒரு தம்பி. சிவகங்கைப் பக்கம். கையில் ஐபி, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், வந்துவிட்டது, இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். ஏஜென்ட் மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்று சொல்லியிருந்தார். ஐபியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மனிதவள அமைச்சு கொடுக்கும் இந்தக் கடிதத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதை அனுப்பிவைக்க வேண்டியது முதலாளியின் கடமை. வந்தது மடித்து மடித்து நடுவில் கோடு விழுந்த ஒரு தாள். கூட்டிப் பார்த்தால் 800தான். ஆனால் பேசிக் 520, அலவன்ஸ் 280.

"மொத்தம் சரியாத்தானே அண்ணே இருக்கு?" என்றான்.

இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஓவர்டைம் மொத்தச் சம்பளத்துக்குக் கிடையாது, பேசிக்குக்குத்தான். மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். பேசிக் 800 என்றால் ஓவர்டைம் மணிக்கு 6.29 வெள்ளி. 520 என்றால் 4.09. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் வித்தியாசம் 132 வெள்ளி. சட்டப்படி மாதத்துக்கு 72 மணி நேரம் வரை ஓவர்டைம் பார்க்கலாம் என்பதால் 60 என்பது ஒன்றும் அதிகமான கணக்கு இல்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் குரல் செய்தி வந்தது. பின்னால் அவன் அம்மாவின் குரலும் கேட்டது, வாங்கிய கடனின் வட்டிக் கணக்கை அவர்கள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வா என்றோ வராதே என்றோ நான் சொல்லவில்லை. கடன் வாங்கியது அந்தக் குடும்பம், முடிவும் அவர்களுடையது. அவன் வந்துவிட்டான். ஆனால் என்ன சம்பளத்துக்கு வருகிறோம் என்று தெரிந்து வந்தான். முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கி ஐபியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தான். ஓவர்டைம் உட்பட விவரமாகப் பிரித்து எழுதிய சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இது போதும். வேலை வாங்கிக் கொடுத்தால்தான் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் ஒரு காகிதத்தைச் சரியாகப் படிக்கத் துணை இருப்பதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொரு வகைக் கேள்வி லிங்க்டினில் வரும். டிப்ளமோ மெக்கானிக்கல், பெர்மிட்டில் நான்கைந்து வருடம், இப்போது எஸ் பாஸுக்குப் போக ஆசை. ஆசையில் தவறே இல்லை. ஆனால் கம்பெனியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அந்தத் தொகையும் ஏறும். அதன்மேல் வெளிநாட்டு ஆளுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 650. கட்டுமானத்தில் எஸ் பாஸ் மொத்த ஆட்களில் நூற்றுக்கு 15க்கு மேல் போகவும் கூடாது. இவ்வளவையும் தாண்டி ஒருவரை எடுப்பதற்கு அவருடைய ரெஸ்யூமேவில் காரணம் தெரிய வேண்டும். வருகிற ரெஸ்யூமேக்களில் அப்பா பெயர் இருக்கும், மதம் இருக்கும், கடைசியில் மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி இருக்கும். என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

ஒரு தம்பியின் ரெஸ்யூமேவில் "சைட் வேலைகளைக் கவனித்தேன்" என்றுதான் இருந்தது. திருத்தி அனுப்புவதை விட்டுவிட்டு போன் போட்டேன்.

"என்ன வேலை பார்த்தீங்க தம்பி?"

"ஏர்கான் காத்து போற டக்ட் வேலைதான் அண்ணே."

"டக்ட் மட்டுமா?"

"சில்டு வாட்டர் பைப்பும் போட்டோம். பிரஷர் டெஸ்ட் வச்சப்ப கேஜ் பாத்து எழுதுறது நான்தான். இன்ஜினியர் வந்து கையெழுத்துப் போடுவார்."

"டிராயிங் பார்ப்பீங்களா?"

"பைப் போற ரூட் மாறினா சிவப்புப் பேனால டிராயிங்ல குறிச்சுக் கொடுப்பேன் அண்ணே. அதை வச்சுத்தான் கட்டி முடிச்சபடியே காட்டுற ஆஸ்-பில்ட் டிராயிங் போடுவாங்க."

இதெல்லாம் தன் வேலை என்றே அவனுக்குத் தோன்றவில்லை. கூலிக்கு வந்த இடத்தில் சொன்னதைச் செய்தோம், அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறான். பிரஷர் டெஸ்ட் பதிவேடு, டிராயிங்கில் மாற்றம் குறித்தது, எத்தனை மாடிக் கட்டடம், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினான், இரவில் தானாகக் கற்றுக்கொண்ட ஆட்டோகேட், எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல எழுதினோம். அவன் செய்யாத ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அதில் நான் கண்டிப்பு. பிறகு ஓர் இன்டர்வியூவுக்குப் போய் வந்தான். அங்கே பாதி நேரம் பிரஷர் டெஸ்ட் பற்றித்தான் கேட்டார்களாம். கேட்டால் அவனுக்குத் தெரியாதா!

அந்த இன்டர்வியூ வந்த வழியையும் சொல்ல வேண்டும். பழைய புராஜெக்ட் ஒன்றில் கிளையன்ட் பக்கம் இருந்த ஒரு மேலாளர் எனக்கு லிங்க்டினில் பழக்கம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வாழ்த்து சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். ஆள் தேவை என்ற தகவல் அவரிடமிருந்துதான் கிடைத்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இலேயே இதை எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டுப் பார்த்ததில், தகவல் சொன்னவர் அடிக்கடி சந்திக்கிற நெருக்கமானவராக இருந்தது குறைவு. எப்போதாவது பார்க்கிறவர்தான் அதிகம். எங்கள் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். ஒரே அறையில் தங்கி, ஒரே லாரியில் ஏறி, ஒரே சைட்டில் இறங்குகிறவர்களுக்குத் தெரிந்த செய்தியும் ஒன்றேதான். வெளிச் செய்தி வெளியாள் மூலம்தான் வர வேண்டும். அதனால் ஞாயிறு நேரத்தில் கொஞ்சத்தை அந்த வெளியாட்களுக்கும் ஒதுக்குகிறேன். அவர்கள் கேட்ட விவரத்தை அனுப்புவேன், வேலை மாறியவரை விசாரிப்பேன், ஆட்குறைப்பில் போனவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன்.

ஒருவரை இன்னொருவரிடம் அறிமுகம் செய்யும் முன் இரண்டு பக்கமும் கேட்டுவிடுவேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுவேன். "நேரில் பார்த்ததில்லை, போனில் பேசினேன், தன் வேலையைத் தெளிவாகச் சொல்கிறார்" என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டி எழுதினால் அடுத்த தம்பிக்காக நான் எழுதும்போது நம்ப மாட்டார்கள்.

காசு வாங்குவதில்லை. "டீ செலவுக்கு வச்சுக்கங்க அண்ணே" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். இந்த ஊரில் உரிமம் இல்லாமல் ஆள் சேர்த்துவிடும் வேலை பார்த்தால் 80,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் வாங்க மாட்டேன். ஏற்கெனவே ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவனிடம் கை நீட்டுவதா? உரிமம் பெற்ற ஏஜென்சிகள்கூட இங்கே தொழிலாளியிடம் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தமாக இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. உரிமம் இருக்கிறதா என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் பார்க்கச் சொல்லி எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சலிப்பு வருவதில்லை.

ஞாயிறு வரை வைக்க முடியாதவையும் உண்டு. சைட்டில் அடிபட்டது, சம்பளம் வரவில்லை என்று செய்தி வந்தால் அன்று இரவே கூப்பிட்டுவிடுவேன். சம்பளப் புகாருக்குக் கெடு இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். "முதலாளி தரேன்னு சொல்லியிருக்கார்" என்று காத்திருந்தே நாளைக் கடத்திவிடுகிறார்கள். அங்கே என் வேலை, எங்கே போக வேண்டும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்வது. ஐபி, சம்பளச் சீட்டு, டைம் கார்டு போட்டோ. அதற்கப்புறம் டிஏடிஎம் என்கிற சமரச அமைப்பு இருக்கிறது, ஹோம், டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. அவர்கள் அதிலேயே பழகியவர்கள், நான் குறுக்கே போவதில்லை.

யாரும் எதுவும் கேட்காத வாரங்களும் வரும். அப்போதும் பதினொன்று வரை எழுந்திருப்பதில்லை, ஒரு நோட்டை எடுத்துக்கொள்வேன். என்னிடம் பேசிய தம்பிகளின் பெர்மிட் முடியும் தேதிகள் அதில் இருக்கின்றன. கட்டுமானத்தில் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற வழி உண்டு. அந்த நாட்களைத் தவறவிட்டால் மாறுவதற்கு முதலாளி மனது வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போய் மறுபடி ஏஜென்ட், மறுபடி பணம். தேதி நெருங்கும் முன்பே நானாகக் கூப்பிட்டு, இருக்கப் போகிறாயா மாறப் போகிறாயா என்று கேட்டுவிடுவேன். அடுத்த மாதம் இரண்டு பேருக்கு அந்த 40 நாள் தொடங்குகிறது. ஒருவன் துவாஸில், ஒருவன் பொங்கோலில். இந்த ஞாயிறு முதல் போன் அவர்களுக்குத்தான்.