புகைபோக்கிக்குள் படிவது

பழைய வீட்டு விறகு அடுப்பில் என்னைப் பயமுறுத்துவது புகைபோக்கிக்குள் ஒட்டும் கிரியோசோட் என்ற புகைப் படிவுதான். ஈர விறகு மந்தமாக எரிந்தால், புகை குளிர்ந்த சுவரில் தாராகப் படிந்துவிடும். அது தீப்பிடித்தால் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். செங்கல்லே விரிசல் விடும்.

குளிர்காலத்துக்கு முன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். 3 மில்லிமீட்டர் படிந்திருந்தால் பிரஷை எடுத்துவிடுவேன். தூளாக இருந்தால் சுலபம். பளபளவென்று இறுகியிருந்தால் நான் தொடுவதில்லை. தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுவேன். அப்புறம், அடுப்பு வாயைத் துணியால் நன்றாக மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கரி வீடெங்கும் பறக்கும் (திரைச்சீலை கதை வேண்டாம்).

கரியோடு காரைத் துண்டுகளும் விழுந்தால், முதலில் கொத்தனாரைக் கூப்பிடுவேன். அதுவரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி காயவைத்தால் படிவும் குறைகிறது.