ஆரைக்கீரையும் ஒரு நாள் சம்பளமும்

ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்திரேலியாவுல டூர் கைடு நான், இன்னமும் கூப்பர் க்ரீக்குங்குற ஆத்தோரம், பர்க் குழுவுல உயிரோட மிஞ்சின ஜான் கிங்க கண்டுபிடிச்ச இடத்துல வண்டிய நிறுத்தினா அந்தம்மா கேட்டதுதான் முதல்ல ஞாபகம் வருது.

ஆஸ்திரேலியாவ தெற்குலருந்து வடக்கா கடக்கக் கெளம்பின பர்க், வில்ஸ் கதைய ஆஃபீஸ்ல எழுதிக் குடுத்தபடி சொன்னா டிக் ட்ரீயோட, அதான் சாப்பாட்டப் புதைச்சு 'தோண்டு'ன்னு செதுக்கி வெச்ச மரத்தோட, உச்சம் முடிஞ்சிடும். 1861 ஏப்ரல் 21, அந்த மரத்தடியில நாலு மாசமா இவங்களுக்காகக் காத்துக் கெடந்தவங்க காலைல கெளம்பிட்டாங்க, பர்க்கும் வில்ஸும் கிங்கும் அன்னிக்கு சாயங்காலமே வந்து சேர்றாங்க, ஆளே இல்ல. கேக்குறவங்க உச்சு கொட்டுவாங்க. எனக்கு அதுல எப்பவும் ஒரு உறுத்தல், ஏன்னா பட்டினியில செத்தாங்கன்னு நாம சொல்ற அதே கரையில யாண்ட்ருவாந்தாங்குற பூர்வகுடி ஜனங்க புள்ளகுட்டியோட மீன் புடிச்சு வாழ்ந்துட்டிருந்தாங்க. மீன் கொண்டு வந்தவங்க கையத் தட்டிவிட்டு சுடச் சொன்னாரு பர்க். கடைசில தனியா மிஞ்சின கிங், அவங்களத் தேடிப் போயி, அவங்க போட்ட சோத்துலதான் செப்டம்பர்ல தேடி வந்த ஹோவிட்டோட ஆளுங்க வர்ற வரைக்கும் உயிரோட இருந்தாரு.

அதனால நானா சேத்துக்கிட்டது, அந்த ஜனங்க சாப்பிடுற நார்டூங்குற செடி பத்தின பகுதி. நார்டூவ முதல்ல பாத்தப்போ ஆடிப்போயிட்டேன், அப்படியே நம்ம ஆரைக்கீரை, அதே நாலு இலை, எங்க ஆயா வயல் வரப்புல பறிச்சு கடையுமே அதே ஜாதி. இங்க இலைய இல்ல, அடியில இருக்குற கறுப்பு விதை மாதிரி காய வறுத்து அரைச்சு மாவாக்குறாங்க. பக்குவம் தெரியாம தின்னா அதுல இருக்குற தயமினேஸ்ங்குற என்சைம் உடம்புல வைட்டமின் பி1ஐ அழிச்சிடும், வயிறு ரொம்பும், ஆள் தேஞ்சிடுவான். பர்க்கும் வில்ஸும் அப்படித்தான் போனாங்கன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க.

அன்னிக்கு கையில நாலு காய வெச்சுக்கிட்டு இதச் சொல்லிட்டிருக்கேன், பேரப்பையனோட ஒரு வயசானம்மா ஓரமா நின்னு கேட்டுட்டிருந்தாங்க. முடிச்சதும் "இது எங்க ஜனங்களோடது, யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?"ன்னாங்க. படிச்சேன்னு சொன்னேன். சொல்லிட்டு, நல்ல எண்ணத்துலதான், "ஆன்ட்டி, நீங்களே இவங்களுக்குச் சொல்றீங்களா"ன்னு கேட்டுட்டேன். அங்கயும் பெரியவங்கள ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவாங்க.

"இன்னிக்கு உனக்கு எவ்வளவு சம்பளம்?"

கோவமே இல்லாம கேட்டாங்க. நான் வாயே தெறக்கல. என் கையிலருந்து ஒரு காய எடுத்து பையன்கிட்ட குடுத்துட்டு தண்ணிப் பக்கமா எறங்கிப் போயிட்டாங்க.

நான் என்ன தப்பு பண்ணேன்? மத்த கைடுங்க அந்த ஜனங்க பேரக்கூட சொல்லல, நான் சொன்னேன், பேச எடமும் குடுத்தேன். ஆனா அந்த எடம் நான் குடுக்குறதுக்கு என்னோடதா? குடும்பத்தோட வந்த பெரியம்மாவ, பதினாலு பேர் காசு குடுத்து வந்த டூர்ல சும்மா நின்னு பேசச் சொல்லிருக்கேன். சம்பளம் சொல்லிருந்தா என்ன ஆகியிருக்கும், பாதி தர்றேன்னு சொல்லிருக்கணுமா, அது இன்னும் மோசமா இருந்திருக்குமான்னு ராத்திரி டென்ட்ல படுத்தா இதே ஓட்டம்தான்.

அந்த ஜனங்கள்ல ஒருத்தர காசு குடுத்து கூட்டிட்டு வரலாம்னு ஆஃபீஸ்ல கேட்டேன். பாக்கலாம்னாங்க. அதுவரைக்கும் நார்டூ பக்குவத்த நான் சொல்றதில்ல. அது மரியாதைன்னுதான் நெனச்சேன், ஆனா போன ட்ரிப்ல டிக் ட்ரீ கதைக்கு முக்கால் மணி நேரம், யாண்ட்ருவாந்தாவுக்கு ரெண்டே நிமிஷம்.