எண்ணூர்க் கழிமுகத்தில் இரையும் கம்பிகள்

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியின் உயரழுத்த மின்தடங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. கடலோரத்தில் மின்தடத்துக்கு முதல் எதிரி உப்பு. கடற்காற்றில் வந்து, கம்பியின் மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டர் தட்டுகளில் படியும் உப்பு காய்ந்திருக்கும் வரை தீங்கு செய்வதில்லை. மார்கழி விடியலில் பனி இறங்கி அதை நனைத்ததும், அம்மெல்லிய படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, தட்டுகளின் மீது நீலப் பொறிகள் ஓட, ஓர் இரைச்சல் எழும். கவனியாமல் விட்டால் லைன் டிரிப் ஆகிவிடும், அதாவது மின்தடம் தானாகவே துண்டிக்கப்படும். நல்ல மழை தட்டுகளைக் கழுவிவிடும். மழையில்லாத பனிநாட்களில் லைனை நிறுத்தி, கோபுரம் கோபுரமாக ஏறித் துடைக்க வேண்டும். உப்போடு நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்து இறுகிய அழுக்கு, துணிக்கு எளிதில் வராது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் நின்றால், நகரத்தின் மின்சார வரலாறு கண்ணெதிரே விரியும். தெற்கே, 1970-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி 450 மெகாவாட்டாக வளர்ந்த எண்ணூர் அனல்மின் நிலையம். வடக்கே, 1990-களில் எழுந்த வட சென்னை நிலையம். அதற்கப்பால், நிலக்கரி இறக்குவதற்கென்றே கட்டப்பட்டு 2001-இல் திறக்கப்பட்ட துறைமுகம். வல்லூரின் 1,500 மெகாவாட் பின்னர் வந்தது.

நீருக்குள் நிற்கும் கோபுரங்களுக்கு எங்களை ஒரு முதிய மீனவர் படகில் அழைத்துச் செல்வார். "தம்பி, கம்பி இரையுதுன்னா இன்னிக்குப் பனி கட்டும், விடிஞ்சாலும் கரை தெரியாது" என்றார் ஒருநாள். நான் பழுதின் அறிகுறியாகக் கேட்ட ஒலியை, அவர் வானிலையாகக் கேட்டிருக்கிறார். கடலில் திசைக்குப் புகைபோக்கிகளையும், காற்றுக்கு அவற்றின் புகையையும் பார்ப்பாராம். 2017-இல் எண்ணூர் நிலையம் மூடப்பட்டபோது எனக்கு முதலில் அவர் நினைவுதான் வந்தது.

ஒருமுறை கோபுரத்தை நெருங்குமுன் படகு தரைதட்டியது. அவர் இறங்கி, முழங்கால் வரை சாம்பல் சேற்றில் புதைய, படகைத் தள்ளினார். "இங்க நாலு ஆள் ஆழம் இருந்துச்சு தம்பி, எறால் வாரி வாரி எடுப்போம்" என்றார். எங்கள் ஆய்வுப் படிவத்தில் கோபுரக் கால், தட்டு, கம்பி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு, ஆற்றுக்கு இல்லை. அன்று மாலை குறிப்புப் பகுதியில் எழுதினேன்: "சாம்பல் படிவினால் ஆழமில்லை. கோபுரம் வரை படகு செல்லவில்லை."