கரணம் பழகும் வகுப்பு

ஜனவரி 11
பெரியவர்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்தாயிற்று. இன்று வெறும் முன்கரணம், அதாவது சின்ன வயதில் எல்லோரும் போட்ட குட்டிக்கரணம்தான். ஆனால் இங்கே கட்டுப்பாடுகள் அதிகம். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், உச்சந்தலை மெத்தையில் படக் கூடாது, எழும்போது கையை ஊன்றக் கூடாது. கடைசி விஷயத்தில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொண்டோம். குதிகாலை உடம்போடு நன்றாக மடக்கிக்கொண்டால் உருண்ட வேகமே நம்மைத் தூக்கிவிடுகிறது.

தொடர்ந்து உருண்டால் தலை சுற்றுகிறது. நாம் நின்ற பிறகும் உள்காதில் இருக்கும் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

ஜனவரி 18
பின்கரணம். உள்ளங்கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தரையைத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் மொத்த எடையும் கழுத்தில் இறங்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8
சுவரைப் பார்த்தபடி ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது. முதுகைச் சுவரில் சாய்த்து நின்றால் இடுப்பு வில்லாக வளைந்துவிடும். வயிறு சுவர்ப்பக்கம் இருந்தால்தான் உடல் நேராகிறது. தோளைக் காதுவரை ஏற்றித் தரையைத் தள்ளச் சொல்கிறார் கோச். வலித்தது தோள் இல்லை, மணிக்கட்டு. வகுப்பு தொடங்கும்போது அத்தனை நேரம் மணிக்கட்டை ஏன் சுழற்ற வைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

மார்ச் 1
ரவுண்ட் ஆஃப். பார்வைக்குக் கார்ட்வீல், அதாவது கையை ஊன்றிச் சக்கரம்போல் பக்கவாட்டில் சுழலும் கரணம் மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டு காலும் மேலே சேர்ந்து, சேர்ந்தபடியே சட்டென்று தரைக்கு வரும். அதற்குள் உடல் பாதி திரும்பி, ஓடிவந்த பக்கத்தையே பார்த்து இறங்குகிறோம். ஓட்டத்தின் வேகமோ போன திசையிலேயே போகிறது. அதாவது, முன்னோக்கி ஓடிய வேகம் இப்போது நம்மைப் பின்பக்கம் தள்ளுகிறது. பின்னால் போடும் பல்டிகளுக்கு முதல் பிடி இதுதான்.

போட்டித் தளம் 12 மீட்டர் சதுரம். மூலைக்கு மூலை போனாலும் 17 மீட்டர்கூட வராது. அதில் ஓட்டத்துக்குக் கிடைப்பது சில எட்டுகள்தான். 2019இல் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் இரண்டு சுழற்சி, மூன்று திருகல் என்று தரையில் செய்த பல்டியைத் திரும்பப் பார்த்தேன். முன்பெல்லாம் காற்றில் நடப்பதைத்தான் பார்ப்பேன். இன்று கண் ரவுண்ட் ஆஃபிலேயே நின்றுவிட்டது. கால் தரையை விட்ட பிறகு புதிதாகச் சுழற்சியைச் சேர்க்க முடியாது. உடலைச் சுருக்கி வேகப்படுத்தலாம், விரித்து மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

மார்ச் 15
பேக் ஹேண்ட்ஸ்பிரிங், அதாவது பின்பக்கமாகப் பாய்ந்து, கையை ஊன்றிக் காலில் வந்து நிற்பது. இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயச் சொன்னார். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே வந்தால் உடல் மேலே குதிக்கும், பின்னால் போகாது. தலையைத் தூக்கி எறிந்து தரையைத் தேடவும் கூடாது. சொல்வது சுலபம்! கண்ணுக்குத் தெரியாத பக்கம் விழ உடம்பு லேசில் சம்மதிக்காது. இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் திசை பிடிபடவில்லை என்று பைல்ஸே அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார்.

கோச் ஒரு கையை இடுப்புக்கும் இன்னொன்றைத் தொடைக்கும் கொடுத்து என்னைச் சுற்றிவிட்டார். கை தரையைத் தொட்டது, கால் தாண்டி வந்தது. சரி, அதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்கக் கூடாது. அடுத்த வாரம் தனியாகச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவருக்கும் அந்த எண்ணம் இல்லையாம். முதலில் ரவுண்ட் ஆஃபில் கால் சேரட்டும் என்கிறார்.