பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது

மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் ஒரு சிறு பதிவேட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. வன்பொருள், இன்டெல்லின் ஆப்டேன் பெர்சிஸ்டன்ட் மெமரி. 2019இல் சந்தைக்கு வந்தது. 2022இல் அந்தத் தொழிலையே மூடுவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. அலுவலக மூலையில் கிடந்த சர்வருக்கு அது தெரியாது, பாவம்.

இது ராம் செருகும் இடத்திலேயே உட்காரும். கோப்பு முறைமையை டாக்ஸ் என்ற நேரடி அணுகல் வசதியோடு மவுன்ட் செய்து, கோப்பை எம்மேப் செய்தால், அதாவது நிரலின் முகவரிவெளியில் பொருத்தினால், நிரலின் கைக்கு ஒரு முகவரி கிடைக்கும். அதில் எழுதுவது நேரே நினைவகத்துக்கு. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கூப்பிட வேண்டியதில்லை, இடையில் கோப்பின் பிரதியை ராமில் வைக்கும் பேஜ் கேச்சும் இல்லை. எம்மேப்பில் மட்டும் ஒரு நாள் வீணானது. மின்சாரம் போனாலும் கோப்பில் எழுதிய இடம் மாறாது என்று உறுதி கேட்கும் மேப்_சிங்க் என்ற கொடியை (விருப்பத் தேர்வை), வழக்கமான பகிர்வு வகையான வெறும் மேப்_ஷேர்டோடு கொடுத்திருந்தேன். கெர்னல் அதைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிட்டது. கொடிகளைச் சரிபார்க்கும் மேப்_ஷேர்டு_வேலிடேட் என்று மாற்றிய பிறகுதான், டாக்ஸ் இல்லாமல் மவுன்ட் செய்திருக்கிறேன் என்று பிழை காட்டியது.

பதிவுகளை எழுதும்போதே நிரலை நடுவில் கொன்று பார்த்தேன். நூறு முறையும் எல்லாம் சரி. பெருமையாக இருந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. சர்வருக்கு இரண்டு மின்வழங்கிகள்! இரண்டாவதையும் பிடுங்கி, மீண்டும் இயக்கிப் பார்த்தால், கடைசிப் பதிவின் 192 பைட்டில் முதல் 64 இருந்தது, கடைசி 64 இருந்தது, நடுவில் முழுக்கப் பூஜ்யம். முதல் 64இல்தான் 'பதிவு முடிந்தது' என்ற என் அடையாளம்.

நான் எழுதுவது முதலில் வந்து நிற்பது செயலிக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பான கேச்சில். நிரல் செத்தாலும் அது சாவதில்லை. அதனால்தான் நூறு முறையும் தேறியது. மின்சாரம் போனால், நினைவகத்துக்குப் போவதைக் கையாளும் நினைவகக் கட்டுப்படுத்தியின் காத்திருப்பு வரிசைக்கு வந்துவிட்டதை அந்த சர்வர் காப்பாற்றும். கேச்சில் நிற்பது போனதுதான். கேச்சோ 64 பைட் வரிகளைத் தன் இஷ்டப்படி வெளியே தள்ளுகிறது, நான் எழுதிய வரிசையில் அல்ல.

இப்போது முதலில் உள்ளடக்கம். ஒவ்வொரு வரிக்கும் சிஎல்டபிள்யூபி, கேச் வரியை நினைவகத்துக்கு எழுதச் சொல்லும் செயலிக் கட்டளை. பிறகு ஓர் எஸ்ஃபென்ஸ், முந்தைய எழுத்துகள் முடியும்வரை அடுத்ததை நிறுத்தி வைக்கும் கட்டளை. அதற்கப்புறமே 8 பைட் அடையாளம், மீண்டும் அதே இரண்டு கட்டளைகள். எட்டு பைட், ஏனென்றால் அதுவரைதான் பாதியில் அறுபடாமல் எழுதப்படும்.

இருபது முறை பிடுங்கினேன், இரண்டு பிளக்கையும். அடையாளம் இருந்த இடத்திலெல்லாம் பதிவும் முழுதாக இருந்தது. அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் இத்தகைய நினைவகத்துக்கென்றே உள்ள பிஎம்டிகே என்ற நிரல் நூலகத்தைக் காட்டினார்: வரிவரியாக நான் கையால் எழுதியதை அங்கே பிமெம்_பெர்சிஸ்ட் என்ற ஒரே அழைப்பு செய்துவிடுகிறது.