பலகைக்கு முன்னால் தொலையும் சென்டிமீட்டர்கள்

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் மும்முறைத் தாண்டுதல் இப்படி முடிந்தது: இந்தியாவின் எல்தோஸ் பால் 17.03 மீட்டர், இன்னொரு இந்தியர் அப்துல்லா அபூபக்கர் 17.02, பெர்முடாவின் ஜா-நை பெரிஞ்சிஃப் 16.92, தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேல் 16.89. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 1 செ.மீ. வெண்கலத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே 3 செ.மீ.

இந்த விளையாட்டில் தூரத்தைக் கால் ஊன்றிய இடத்திலிருந்து அளப்பதில்லை. ஓடிவந்து கால் ஊன்றித் தாண்டும் பலகையான போர்டின், மணல்குழிப் பக்க விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். போர்டின் அகலம் 20 செ.மீ. கால் நுனி விளிம்புக்கு 12 செ.மீ. முன்னதாகவே ஊன்றிவிட்டால், உண்மையில் தாண்டிய தூரத்தில் 12 செ.மீ. யார் கணக்கிலும் வராது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் நம் வீரர் அந்த மைதானத்தில் போய்ப் புதிதாகத் திறமையைக் கூட்டிக்கொள்ள முடியாது. இருப்பதைச் சிந்தாமல் போர்டு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அங்கே செய்யக்கூடிய வேலை.

முன்பு போர்டுக்கு அப்பால் பிளாஸ்டிசின் என்ற களிமண் போன்ற மெழுகு பூசிய பட்டை இருக்கும். அதில் ஸ்பைக்ஸின் (ஆணி வைத்த ஷூவின்) தடம் விழுந்தால் ஃபவுல். 2021 நவம்பரிலிருந்து விதி மாறிவிட்டது. தரையைத் தொடாவிட்டாலும், ஊன்றிய காலின் எந்தப் பகுதியாவது கோட்டுக்கு நேர்மேலே தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஃபவுல். பெரிய போட்டிகளில் கேமரா பார்த்துச் சொல்லிவிடும். பிளாஸ்டிசின் போர்டிலேயே பழகியவர்களுக்கு ஒன்றிரண்டு செ.மீ. இங்கேதான் இடிக்கும். பயிற்சியிலேயே கேமராவைக் கோட்டுக்கு நேராக, தரையோடு ஒட்டி வைத்துப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

ரன்-அப் அளவை, அதாவது போர்டு வரை ஓடிவரும் தூரத்தை, ஊரிலிருந்து அப்படியே எடுத்துப்போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஆண்களில் பெரும்பாலானோர் 16 முதல் 20 அடிவைப்பு வரை ஓடுகிறார்கள். ஏறக்குறைய 35 முதல் 42 மீட்டர். அடிவைப்புக்கு 1 செ.மீ. கூடினாலே 18 அடிவைப்பில் 18 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒரு போர்டு அகலம். மோண்டோ போன்ற தொழிற்சாலையில் வார்த்து விரிக்கும் தளம் இறுக்கமானது, காலை உடனே திருப்பித் தள்ளும். மைதானத்திலேயே ஊற்றிப் பரப்பிய பழைய சிந்தெட்டிக் தளத்தில் பழகியவருக்கு அதில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் நீளும்; விளைவு, முதல் தாண்டுதலே சிவப்புக் கொடி. வார்ம்-அப் மைதானத்தின் தளமும் போட்டித் தளமும் ஒன்றுதானா என்று முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். அளக்க இரும்பு டேப்தான் நல்லது. ஃபைபர் டேப் இழுத்த இழுப்புக்கு நீளும். ஓடுபாதை ஓரத்தில் இரண்டு மார்க்குக்கு (அடையாளத்துக்கு) மேல் வைக்க விடமாட்டார்கள். ஒன்றைத் தொடக்கத்திலும், இன்னொன்றைப் போர்டுக்கு ஆறு அடிவைப்பு முன்னாலும் வைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டாவது மார்க்கைப் பார்க்க வேண்டியவர் கேலரியில் நிற்கும் கோச். ஓடுகிறவர் குனிந்து அதைப் பார்த்தால் வேகம் செத்துவிடும்.

காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பின்காற்று அடிவைப்பை நீட்டும், எதிர்க்காற்று குறுக்கும். பின்காற்று வலுத்தால் தொடக்க மார்க்கைப் பின்னால் தள்ள வேண்டும். எதிர்க்காற்றில் முன்னால் கொண்டுவர வேண்டும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஊரிலேயே இரண்டு காற்றிலும் ஓடிக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம்தான் இதற்கு விடை சொல்லும். 2023 மே மாதம் ஹவானாவில் பிரவீன் 17.37 மீட்டர் தாண்டி, ரஞ்சித் மகேஸ்வரியின் 17.30 என்ற தேசிய சாதனையை முறியடித்தபோது வீசியது நொடிக்கு 1.5 மீட்டர் எதிர்க்காற்று. எதிர்க்காற்றைப் பார்த்ததும் மனம் தளர்கிற இளம் வீரர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, போட்டிக்கு முன் வீரர்களை அழைத்துச் சோதிக்கும் அறையான ‘கால் ரூம்’ (call room). ஸ்பைக்ஸ் ஆணியின் நீளம் 9 மி.மீ.க்குள் இருக்கிறதா, 2024 நவம்பர் முதல் அடிப்பாகத்தின் தடிமனுக்கு வந்த 20 மி.மீ. வரம்புக்குள் ஷூ இருக்கிறதா, உடையில் லோகோ அளவு சரியா என்றெல்லாம் பார்ப்பார்கள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பழைய, தடித்த ஸ்பைக்ஸோடு வந்து மாட்டிக்கொண்டால் அந்த நேரத்தில் மாற்று கிடைக்காது. ஷூவைச் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைப்பதும் இதற்காகத்தான்; ஆணிகளையும் அவற்றைக் கழற்றும் சாவியையும் மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினம் காத்திருப்பு. அழைத்தபின் கிடைப்பது ஒரு நிமிடம். ஆனால் பன்னிரண்டு பேர் இருந்தால், மணலைச் சமன்செய்து, அளந்து, அடுத்தவரை அழைத்து, மறுபடி நம் முறை வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தகுதிச் சுற்றில் ஆட்கள் அதிகம், அங்கே இருப்பதோ மூன்றே வாய்ப்பு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு வந்த இந்தியாவின் ஹென்றி ரெபெல்லோவுக்கு நடந்ததை நம் வீரர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தாண்டத் தயாராக இருந்தவரைப் பதக்கமளிப்பு நிகழ்ச்சிக்காக நிறுத்தினார்கள். மீண்டும் அழைத்தபோது உடல் ஆறிப்போயிருந்தது. ஓடினார், பின்தொடைத் தசை கிழிந்தது. 19 வயதில் அந்தப் போட்டி அதோடு போனது. ஆகவே தாண்டியதும் டிராக்சூட் மாட்டி, கோச்சிடம் ஒரே ஒரு திருத்தம் கேட்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னால் மூன்று பேர் இருக்கும்போது டிராக்சூட்டைக் கழற்றி, கணுக்கால் துள்ளல் இருபது, 20 மீட்டர் வேக ஓட்டம் இரண்டு. எங்காவது நிறுத்திவைத்தால் நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

நிரம்பிய கேலரியின் கைதட்டலில் வரும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: மூன்று தாண்டல்களில் முதலாவதான ஹாப் அளவுக்கு மீறுவது. 17 மீட்டர் தாண்டுபவர் ஹாப் 6.1, ஸ்டெப் 5.0, ஜம்ப் 5.9 என்று பிரித்துத் தாண்டுகிறார் என்று வையுங்கள். உற்சாகத்தில் ஹாப்பை உயரத் தூக்கி 6.4க்குப் போனால், இறங்கும் காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பளு ஒரே நொடியில் விழுகிறது. முழங்கால் மடங்கி, ஸ்டெப் 4.6க்குச் சுருங்கி, ஜம்ப்பும் தேய்ந்து, மொத்தம் 16.6 ஆகிவிடும். 1995இல் கோத்தன்பர்க்கில் 18.29 தாண்டிய ஜோனத்தன் எட்வர்ட்ஸின் ஹாப் 6.05தான், கடைசி ஜம்ப் 7.02. முதல் அடியில் மிச்சம் பிடித்த வேகம் அது.

சளிக்கு யாராவது நீட்டும் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. பலவற்றில் மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து இருக்கும், போட்டி நாளில் அளவு மீறினால் தடைதான். ஊக்கமருந்துச் சோதனைக்குக் குறைந்தது 90 மி.லி. சிறுநீர் வேண்டும். சீக்கிரம் வரட்டும் என்று தண்ணீரை மளமளவென்று குடித்தால் மாதிரி நீர்த்துப்போய், மறுபடி உட்கார வைப்பார்கள். பாட்டில் எண்ணும் மூடி எண்ணும் படிவத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.