ஒரு பெரிய ராடரா, நாலு சின்ன ராடரா?

200 கிலோமீற்றர் தள்ளி நிற்கிற மழை ராடர் அடிவானத்துக்கு மேல் வெறும் 0.5 பாகையில் பார்த்தாலும், பூமி வளைவால கதிர் எங்கட மட்டக்களப்புக்கு மேல் 4 கிலோமீற்றர் உயரத்தில்தான் போகும். வெள்ளம் தாற மாரி மழை பெரும்பாலும் அதுக்குக் கீழதான்.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் காசா (CASA) என்ற வானிலை ராடர் ஆய்வுத் திட்டம் வேறு வழி பிடித்தது: 3 சென்ரிமீற்றர் அலைநீளச் சிறு ராடர் நான்கு, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் இடைவெளியில். எல்லாம் சும்மா வட்டமடிக்கவில்லை. நடுக் கணினி வந்த தரவைப் பார்த்து நிமிடத்துக்கொருக்கா வேலை பிரித்தது: நீ இந்தக் கோணத்துக்குள்ள மட்டும் பார், நீ அந்த முகிலை அடியிலிருந்து உச்சிவரை பார்.

சிக்கல் கனமழையில். 3 சென்ரிமீற்றர் அலை மழைக்குள்ளேயே கரையும்; பின்பக்கம் வெறுமையாகத் தெரியும். அங்க மழை இல்லையென்று நம்பினால் போச்சு! மறுபக்கத்து ராடர்தான் அதை நிரப்ப வேணும்.

காற்றின் திசை எடுக்க இரண்டு ராடரின் கதிரும் ஒன்றையொன்று 30 பாகைக்குக் குறையாமல் வெட்ட வேணும். கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாகவே நட்டால் அந்தக் கோட்டை ஒட்டிய ஊர்களுக்குக் காற்றுக் கணக்குக் கிடைக்காது. ஒன்றையாவது அம்பாறைப் பக்கம் உள்ளே தள்ளுங்க.

கடலலையும் மழை மாதிரி எதிரொலிக்கும். அசையாததன் எதிரொலியைக் கழிக்கிற டொப்ளர் வடிகட்டி, அலை அசைவதால் அதை முழுதாகப் பிடிக்காது. இருமுனைவு ராடரில் (கிடையாகவும் நிலைக்குத்தாகவும் அதிரும் இரண்டு அலை அனுப்புவது) ஒத்திசைவு எண்ணை, அதாவது இரண்டு எதிரொலியும் எவ்வளவு ஒத்துப்போகுது என்பதைப் பாருங்க: மழைக்கு 0.95க்கு மேல நிற்கும், கடலுக்கு நல்லாவே இறங்கும்.